நோயில் விழுந்த குழந்தைக்கும் குடும்பத்துக்கும் துணை நிற்கும் வேலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் புற்றுநோய் வார்டில் 17 வருடம் மருத்துவ சமூகப் பணியாளராக இருந்தேன். இப்போது அந்த வேலைக்கு வரும் மாணவர்களுக்குக் களப்பயிற்சி கொடுக்கிறேன். கல்லூரிகளில் பேசப் போகும்போதும், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் பெற்றோர் போனில் கூப்பிடும்போதும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

டாக்டரும் நர்ஸும் இருக்கும்போது இன்னொரு ஆள் எதற்கு?

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு ஒன்று. பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள். வருமானம் குறைந்த நாடுகள் பலவற்றில் அது 30 சதவீதத்துக்கும் கீழே. 2030-க்குள் இதை உலக அளவில் குறைந்தது 60 சதவீதமாக்க வேண்டும் என்று 2018-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது, மருந்து கிடைக்காதது ஆகியவற்றோடு, சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போவதும் இந்த இடைவெளிக்கு ஒரு பெரிய காரணம். இந்த மூன்றாவது காரணத்தைத் தடுப்பதுதான் எங்கள் வேலை.

ஏன் விட்டுப் போகிறார்கள்? குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று வருடம் ஓடும். முதல் சில வாரங்களிலேயே காய்ச்சல் விட்டு, முகம் தெளிந்து, பிள்ளை ஓடியாட ஆரம்பித்துவிடும். “நல்லாத்தான் இருக்கான், இன்னும் எதுக்கு ஊசி?” என்று ஊரில் பாட்டி கேட்பார். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார், லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு. மூத்த பெண் பக்கத்து வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். ஆடு விற்ற காசு மூன்றாம் மாதமே தீர்ந்திருக்கும். இதில் எதுவும் கேஸ் ஷீட்டில் இருக்காது. அடுத்த கீமோ தேதியில் அந்தக் குடும்பம் வராது, அவ்வளவுதான். அது நடப்பதற்கு முன்னாலேயே இதையெல்லாம் தெரிந்து வைத்திருக்க ஒருவர் வேண்டும். டாக்டருக்கு மனசு இருந்தாலும் ஓபியில் நேரம் இருக்காது.

என்னென்ன வேலைகள் இதில் அடங்கும்?

எனக்கு நன்றாகத் தெரிந்தது மருத்துவ சமூகப் பணி, அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன். இந்தியாவில் இது பழைய வேலை. 1946-லேயே மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் முதல் மருத்துவ சமூகப் பணியாளரை நியமித்துவிட்டார்கள்.

அதோடு, குழந்தையின் பயம், தூக்கமின்மை, பேசாமலே இருந்துவிடுவது போன்றவற்றைப் பார்க்கும் மருத்துவ உளவியலாளர். வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்குச் சிறப்புப் பயிற்றுநர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் செயல்முறை மருத்துவர். குணமாக்க முடியாத நோயில் வலியையும் மூச்சுத் திணறலையும் குறைத்து வீட்டிலேயே வைத்துப் பார்க்க உதவும் பேலியேட்டிவ் கேர் நர்ஸ். கீமோவைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும் என்பதால் உணவியல் நிபுணர். மருத்துவமனைக்கு வெளியே, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர்கள், ஆற்றுப்படுத்துநர்கள் (கவுன்சிலர்கள்). இன்னொன்றும் உண்டு: விளையாட்டு வழியாகக் குழந்தையைச் சிகிச்சைக்குத் தயார் செய்பவர். வெளிநாடுகளில் இது தனிப் பதவி. இங்கே பெரும்பாலும் எங்களைப் போன்றவர்களும் தன்னார்வலர்களும் சேர்த்துச் செய்கிறோம்.

என்ன படிக்க வேண்டும்?

சமூகப் பணிக்கு எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணியில் முதுகலை. இரண்டு வருடம். எந்த டிகிரி முடித்தவரும் சேரலாம், பி.காம்., பி.எஸ்சி. படித்துவிட்டு வந்தவர்கள் என்னிடம் நிறையப் பேர் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். சென்னை எழும்பூரில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் இருக்கிறது, மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் தொடங்கியது. லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி, திருச்சி பிஷப் ஹீபர், கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி ஆகியவற்றிலும் இந்தப் படிப்பு உண்டு. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்துக்குப் போக முடிந்தால் போங்கள், 1936-ல் இந்தப் படிப்பை நம் நாட்டில் தொடங்கி வைத்ததே அதுதான். எங்கே சேர்ந்தாலும் மருத்துவ, மனநலப் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஒரு விஷயம்: கல்லூரியின் பெயரைவிடக் களப்பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள், அங்கே கற்றுக்கொடுக்க ஒருவர் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள். களப்பயிற்சியில்தான் நீங்கள் இந்த வேலைக்கு ஆவீர்களா என்று தெரியும்.

மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். எம்.ஏ. உளவியல் மட்டும் போதாது. இதற்கான படிப்புகளின் பெயரும் விதியும் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது, அதனால் சேரும் வருடத்தில் கவுன்சிலின் இணையதளத்தில் அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், ஏஜெண்ட் சொல்வதை நம்ப வேண்டாம். சிறப்புக் கல்வி டிப்ளமோவுக்கும் பி.எட்.டுக்கும் இதே விதிதான். முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது, சிறப்புக் கல்வியில் ஆர்வம் இருந்தால் முதலில் அங்கே விசாரிக்கலாம். மனநல சமூகப் பணிக்கு பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம்.

மூன்று மாத கவுன்சிலிங் சர்டிபிகேட் இருக்கிறது. அது போதாதா?

போதாது. கேட்கப் பழகுவதற்கு அது நல்ல ஆரம்பம், தன்னார்வலராக வருவதற்கு உதவும். ஆனால் “சாகப் போறேனா அக்கா?” என்று 13 வயதுப் பையன் கேட்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மூன்று மாதப் பயிற்சி மட்டும் இருந்தால் அது அந்தப் பையனுக்குச் செய்யும் அநியாயம். நம் நாட்டில் கவுன்சிலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம் என்ற நிலை நீண்ட நாளாக இருந்தது. 2021-ல் வந்த தேசிய துணை மருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டம் மருத்துவ சமூகப் பணியாளரையும் மனநல சமூகப் பணியாளரையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இந்தத் தொழிலுக்கு ஒரு முகவரி கிடைக்கும் என்று நான் நம்புவது அதனால்தான்.

வேலை நாள் எப்படி இருக்கும்?

காலை 8 மணிக்கு வார்டில் ஒரு சுற்று. புதிதாக யார் அட்மிட் ஆகியிருக்கிறார்கள், ராத்திரி யார் அழுதார்கள், எந்த அம்மா சாப்பிடவில்லை என்று நைட் டியூட்டி சிஸ்டரிடம் கேட்டுக்கொள்வேன். துப்புரவுப் பணியாளர் அக்காவிடமும் கேட்பேன். அம்மாக்கள் டாக்டரிடம் சொல்லாததை அவரிடம் சொல்லியிருப்பார்கள்.

புதுக் குடும்பம் என்றால் முதல் பேச்சுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவேன். ஃபார்ம் நிரப்புவதை அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். எந்த ஊர், எத்தனை பஸ் மாறி வந்தீர்கள், வீட்டில் யார் யார், மாடு கன்றை யார் பார்த்துக்கொள்கிறார்கள், கடன் எவ்வளவு, வட்டி என்ன. கடைசியாக, “டாக்டர் என்ன சொன்னார், உங்க வார்த்தையில சொல்லுங்க.” இந்த ஒரு கேள்வியில் எல்லாம் வெளியே வந்துவிடும். “ரத்தத்துல ஏதோ கிருமியாம், ஒரு வாரத்துல சரியாகிடுமாம்” என்பார் அப்பா. புற்றுநோய் என்று கேட்ட மாத்திரத்தில் அவருக்குக் காது அடைத்துப் போயிருக்கும், டாக்டர் சொன்ன மீதி எதுவும் உள்ளே போயிருக்காது. அவரை மறுபடி டாக்டரிடம் அழைத்துப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்க வைப்பேன்.

அப்புறம் காகிதங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் போக வேண்டும். பிள்ளை வார்டில் கிடக்கும்போது அப்பா எத்தனை முறை ஊருக்குப் போய் வருவார்? என்னென்ன வேண்டும் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, ஒரே பயணத்தில் முடிக்க வைப்பது பெரிய உதவி. ரயிலில் புற்றுநோயாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, அதற்கான சர்டிபிகேட்டில் டாக்டரிடம் கையெழுத்து வாங்குவதும் நாங்கள்தான்.

தங்குவதற்கு இடம் அடுத்தது. வெளியூர்க் குடும்பங்கள் பிளாட்பாரத்தில் படுத்துக்கொண்டு கீமோவுக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். கீமோ போட்ட பிள்ளைக்கு வெள்ளை அணு குறைந்திருக்கும், தெருத் தூசியும் ஹோட்டல் சாப்பாடும் ஆகாது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் குழந்தைகளைக் குடும்பத்தோடு இலவசமாகத் தங்க வைக்கும் செயின்ட் ஜூட் இந்தியா இல்லங்கள் 2006-ல் மும்பையில் தொடங்கி இன்று சென்னை, வேலூர் உட்படப் பல ஊர்களில் இருக்கின்றன. அங்கே அம்மாவே சமைக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரை ஓடும் நாட்களில் பிள்ளைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு அகோரப் பசி எடுக்கும், தயிர் சாதம் கேட்டு அழும். அந்த நேரத்தில் ஒரு அடுப்பு இருப்பதன் அருமை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

மத்தியானம் தேதி தவறியவர்களுக்குப் போன். திட்டுவதற்காகக் கூப்பிட மாட்டேன். “பையன் எப்படி இருக்கான்?” என்று ஆரம்பித்தால் காரணம் தானாக வரும்: அறுவடை, அக்கா வளைகாப்பு, பஸ் காசு இல்லை. சிகிச்சையின் கடைசி வருடங்களில் வீட்டிலிருந்தே ராத்திரி மாத்திரை போட வேண்டும். அது தவறினால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும் என்பதை அந்த போனிலும் ஒருமுறை சொல்வேன். காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, எந்த ஆட்டோக்காரரைக் கூப்பிடுவது, பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி என்பதெல்லாம் அவர்கள் வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே பேசி வைத்திருப்போம்.

குழந்தையிடம் நோயைப் பற்றிச் சொல்லலாமா? பெற்றோர் வேண்டாம் என்றால்?

சொல்ல வேண்டும் என்பதுதான் என் முடிவு. இதில் நான் ஆரம்பத்தில் தவறியிருக்கிறேன். பெற்றோர் கேட்டுக்கொண்டதற்காக எட்டு வயதுப் பெண்ணிடம் “சும்மா செக்கப்தான்” என்று பல வாரம் சொல்லி வந்தேன். ஒருநாள் அவள் பக்கத்துக் கட்டில் பையனிடம், “நான் தம்பியை அடிச்சேன்ல, அதான் சாமி எனக்கு இப்படிப் பண்ணிடுச்சு, அதான் யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். சின்னக் குழந்தைகள் அப்படித்தான் யோசிப்பார்கள். காரணம் சொல்லாவிட்டால் தாங்களே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வார்கள், பெரும்பாலும் தங்கள் மேலேயே பழியைப் போட்டுக்கொள்வார்கள்.

வயதுக்குத் தக்கபடி சொல்ல வேண்டும். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு மூன்று விஷயம் போதும்: இது உன் தப்பு இல்லை, இதை யாரும் உனக்கு ஒட்டவைக்கவில்லை, அம்மா கூடவே இருப்பாள். பள்ளிக்கூடம் போகும் வயது என்றால் ரத்தத்தில் நல்ல செல், வேலை செய்யாத செல் என்று படம் போட்டுச் சொல்லலாம். பதின்வயதுப் பிள்ளைக்குப் பெயரோடு சொல்லுங்கள். போனில் தேடி ஏற்கெனவே பாதி தெரிந்து வைத்திருப்பார்கள்.

பெற்றோர் மறுத்தால் அவர்களை மீறிப் போக மாட்டேன். எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்பேன். “சொன்னா உடைஞ்சிடுவான்” என்பார்கள். உடைந்திருப்பது அவர்கள்தான். அவர்களோடு இரண்டு நாள் பேசிய பிறகு, அம்மாவே சொல்லட்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்பேன். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

முடி கொட்டுவதைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் இதில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு, மொட்டைத் தலைப் பிள்ளையைப் பார்த்தால் யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள், “பழனியா, திருப்பதியா?” என்றுதான் கேட்பார்கள். சிறுவர்களுக்கு இது உதவுகிறது. 12, 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு உதவுவதில்லை. அவர்களுக்குத் துப்பட்டாவோ தொப்பியோ எது வேண்டும் என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

விளையாட்டு காட்டுவதெல்லாம் ஒரு வேலையா?

ஆமாம், கற்றுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. ஒரு காலத்தில் இங்கிலாந்து மருத்துவமனைகளில் குழந்தைகளைப் பார்க்கப் பெற்றோருக்கு வாரத்துக்குச் சில மணி நேரம்தான் அனுமதி. அழுதழுது ஓய்ந்து போன குழந்தையை ‘பழகிவிட்டது’ என்று எழுதிக்கொள்வார்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர் அந்த மௌனம் பழக்கம் இல்லை, நம்பிக்கை இழப்பு என்று படம் பிடித்துக் காட்டினார். 1959-ல், மருத்துவமனையில் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் கமிட்டியின் அறிக்கை, பெற்றோர் எப்போதும் வந்து பார்க்கலாம், அம்மா கூடவே தங்கலாம், குழந்தைக்கு விளையாட்டு வேண்டும் என்று பரிந்துரைத்தது. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகர மருத்துவமனையில் எம்மா பிளாங்க் 1950-களில் இதையே தனித் துறையாக வளர்த்தார்.

நம் ஊரில் அம்மா கூடவே இருப்பதில் குறை இல்லை. நமக்கு வேறொரு சிக்கல். “சாப்பிடலைன்னா டாக்டர் ஊசி போட்டுடுவார்” என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருப்போம். அந்தப் பிள்ளைக்கு நிஜமாகவே வாரா வாரம் ஊசி வரும்போது அது தண்டனையாகத்தான் தெரியும். அதனால் ஒரு துணிப் பொம்மை, ஊசி இல்லாத சிரிஞ்சு, கொஞ்சம் பஞ்சு, டேப். பிள்ளையே பொம்மைக்கு மருந்து ஏற்றும் லைன் போட்டு, பிளாஸ்டர் ஒட்டி, “வலிக்கும், ஆனா சீக்கிரம் முடிஞ்சிடும்” என்று பொம்மைக்குச் சொல்லட்டும். முதுகில் ஊசி போடும் நாளுக்கு முந்தைய நாள் இறால் மாதிரி சுருண்டு படுப்பதை விளையாட்டாகப் பழக்கிவிடுவேன். மறுநாள் நாலு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது. “வலிக்காது” என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. ஒருமுறை பொய் என்று தெரிந்துவிட்டால் அடுத்த மூன்று வருடம் உங்கள் பேச்சை அந்தக் குழந்தை நம்பாது.

பரிகாரம், நேர்த்திக்கடன், நாட்டு மருந்து என்று போகும் குடும்பங்களை எப்படிச் சமாளிப்பது?

‘சமாளிப்பது’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். பிள்ளை பிழைக்க வேண்டும் என்று வைத்தீஸ்வரன் கோயிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் வேண்டிக்கொள்கிற அம்மாவுக்கு அந்த வேண்டுதல்தான் முதுகெலும்பு. அதைக் கேலி செய்தால் அவர் அடுத்த தடவை உங்களிடம் எதையும் சொல்ல மாட்டார். வெள்ளை அணு குறைந்திருக்கும்போது கூட்டத்துக்குள் போனால் தொற்று வரும் என்று விளக்கி, “வேண்டுதலை முடிச்சு வையுங்க, கவுண்ட் ஏறினதும் டாக்டர் ஒரு தேதி சொல்வார், அன்னைக்குப் போங்க” என்று சொல்வோம். திருநீறு பூசலாம், தாயத்து கட்டலாம், லைன் போட்ட இடத்தில் மட்டும் வேண்டாம்.

நாட்டு மருந்து விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கீமோவை நிறுத்திவிட்டு மாற்று மருந்துக்குப் போய், ஆறு மாதம் கழித்து ஒன்றும் செய்ய முடியாத நிலையில் திரும்பி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த அப்பாக்களின் முகம் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. உள்ளுக்கு எது கொடுத்தாலும் முதலில் எங்களிடம் காட்டுங்கள் என்று முதல் நாளே கேட்டுக்கொள்வேன்.

குழந்தை இறந்துவிட்டால்?

அப்போதும் வேலை இருக்கிறது. மருந்து இனி கேட்காது என்று தெரிந்த பிறகு குடும்பத்தோடு உட்கார்ந்து, மீதி நாட்களை எங்கே கழிக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். பலர் வீட்டுக்குத்தான் போக விரும்புவார்கள். வலிக்கு மார்ஃபின் எப்படிக் கொடுப்பது, மூச்சு வாங்கினால் எப்படி உட்கார வைப்பது, ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்பதைச் சொல்லிக்கொடுத்து அனுப்புவோம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பேலியேட்டிவ் நர்ஸ்கள் இருக்கிறார்கள், அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பேசித் தொடர்பு ஏற்படுத்தித் தருவோம்.

உடலை ஊருக்குக் கொண்டு போக அமரர் ஊர்தி, சான்றிதழ், போலீஸ் செக்போஸ்ட்டில் காட்ட ஒரு கடிதம். அந்த நேரத்தில் அம்மாவிடம் பேசுவதற்கு எதுவும் இருக்காது. வண்டியில் ஏறும்வரை பக்கத்தில் நின்றாலே போதும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஒரு போன் செய்வேன். உறவினர்கள் எல்லாம் கிளம்பிப் போயிருப்பார்கள், வீடு சத்தமில்லாமல் இருக்கும். “நான் அன்னைக்கே கூட்டிட்டு வந்திருந்தா பிழைச்சிருப்பானா அக்கா?” என்று அப்போதுதான் கேட்பார்கள். கூடப் பிறந்த பிள்ளைகளைப் பற்றியும் விசாரியுங்கள். அண்ணன் செத்ததற்குத் தானும் ஒரு காரணம் என்று நினைத்துக்கொண்டு, அதை யாரிடமும் சொல்லாமல் இருக்கும் தம்பிகள் உண்டு.

மருத்துவமனை வேண்டாம், ஆனால் குழந்தைகளோடு வேலை செய்ய வேண்டும். வழி இருக்கிறதா?

நிறைய. ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது, ஒப்பந்த வேலைதான், அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் வரும். வீட்டை விட்டு ஓடி வந்த பிள்ளை, குழந்தைத் திருமணம், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு வரும் அழைப்புகள் எல்லாம் அவர்களிடம்தான் வரும். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. அப்பா அல்லது அம்மா உயிருக்கு ஆபத்தான நோயில் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளும் இதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்கில் குழந்தைக்குத் துணையாகக் காவல் நிலையம் முதல் நீதிமன்றம் வரை கூடவே போகும் ஆதரவு நபர் என்ற பணியும் இருக்கிறது, குழந்தைகள் நலக் குழு நியமிக்கும். பொறுமையும் சட்ட அறிவும் இரண்டும் வேண்டிய இடம் அது.

வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளோடு வேலை செய்ய நினைத்தால் அரசு மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களைப் பாருங்கள். வட்டார வள மையங்களில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநர்கள் பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சென்னையில் வித்யாசாகர், தென்காசி ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் ஆகிய இரண்டையும் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். ஒரு குழந்தை முதன்முதலாகத் தானே ஸ்பூன் பிடித்துச் சாப்பிடும் நாளில் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தால் எந்தத் துறை என்று நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள்.

சம்பளம்?

குறைவு. நான் பார்த்த அளவில் தொண்டு நிறுவனங்களில் ஆரம்பத்தில் மாதம் 15,000 முதல் 25,000 வரை. பெரிய தனியார் மருத்துவமனைகளில் கொஞ்சம் கூடும், உளவியலாளருக்கும் பேச்சுப் பயிற்சியாளருக்கும் இன்னும் கூடும். ‘சேவை’ என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கும் இடங்கள் உண்டு, அந்த வார்த்தைக்கு மயங்காதீர்கள். வாடகை கட்ட முடியாதவரால் இந்த வேலையில் நிலைத்து நிற்க முடியாது. நேர்முகத்தில் சம்பளத்தோடு இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு ஆளுக்கு எத்தனை குடும்பம்? எனக்கு வழிகாட்ட மூத்தவர் யாராவது இருக்கிறாரா?

பணம் திரட்டக் குழந்தையின் படத்தைப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

நான் ஒரு நிறுவனத்தோடு இதற்காகவே சண்டை போட்டுக்கொண்டு விலகினேன். மூக்கில் டியூபோடு அழும் குழந்தையின் படம் வேண்டும் என்றார்கள், சிரிக்கும் படம் கொடுத்தால் காசு வராதாம். அந்தக் குழந்தை பிழைத்து, பத்தாம் வகுப்புப் படிக்கும்போது கூடப் படிப்பவர்கள் அந்தப் படத்தை இணையத்தில் கண்டுபிடித்தால்? பெற்றோர் சம்மதித்தார்கள் என்பார்கள். மருந்துக்குக் காசு தரப் போகிறவர் கேட்கும்போது எந்த அப்பா மறுப்பார்? பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி குற்றம். நோயுற்ற குழந்தைக்கு அந்தப் பிரிவு நேரடியாகப் பொருந்தாத இடத்திலும் நான் அதே அளவுகோலைத்தான் வைத்துக்கொள்கிறேன். கையை மட்டும் எடுங்கள், வரைந்த படத்தைப் போடுங்கள்.

ரகசியம் காப்பதில் முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு. குழந்தை பாலியல் தொல்லைக்கு ஆளானது தெரிந்தால் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று குழந்தைக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஆண்கள் இந்த வேலைக்கு வரலாமா?

வர வேண்டும். அப்பாக்கள் எங்களைப் போன்ற பெண்களிடம் பேசாததை ஆண் பணியாளர்களிடம் டீக்கடையில் பேசுகிறார்கள்.

மனசு தாங்குமா? எனக்குச் சீக்கிரம் அழுகை வந்துவிடும்.

அழுகை வருவது தகுதிக் குறைவு ஆகாது. குடும்பத்தின் முன்னால் கண் கலங்கினால் பரவாயில்லை, அவர்கள் உங்களைத் தேற்றும் நிலைக்குக் கொண்டுவந்துவிடக் கூடாது. அது வந்தால் வெளியே போய்விட்டு வாருங்கள். வாரம் ஒருமுறை மூத்தவரிடம் உட்கார்ந்து கேஸ்களைப் பேசுவதைக் கட்டாயமாக வைத்துக்கொள்ளுங்கள். என் மூன்றாம் வருடத்தில் ஒரே மாதத்தில் நான்கு பிள்ளைகளை இழந்தோம். வீட்டில் யாரிடமும் பேசவில்லை, என் மகள் பள்ளியில் வாங்கிய பரிசைக் காட்டியபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எங்கள் வார்டு ஹெட் சிஸ்டர்தான் அதைக் கவனித்து, “லீவு போடு, இல்லைனா ஓபிக்கு மாறு” என்றார். மாறினேன், ஐந்து மாதம். குணமாகி ஃபாலோ-அப்புக்கு வரும் பிள்ளைகளை அங்கேதான் பார்க்க முடிந்தது. மீசை முளைத்து, பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டேன் என்று சொல்ல வந்தவர்கள். வார்டிலேயே இருப்பவர்களுக்கு இவர்கள் கண்ணில் படுவதே இல்லை. அதனால் என் மாணவர்களை மாதத்தில் ஒரு நாளாவது ஃபாலோ-அப் ஓபியில் உட்கார வைக்கிறேன்.

முதல் நாள் வார்டுக்கு வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

ஒரு சின்ன நோட்டு, இரண்டு பேனா, தண்ணீர் பாட்டில். காலில் கொலுசு வேண்டாம், தூங்குகிற பிள்ளைகள் விழித்துக்கொள்வார்கள். வாசனைத் திரவியமும் மல்லிகைப் பூவும் வேண்டாம், கீமோ ஓடும்போது எந்த வாசனையும் குமட்டும். சளி, காய்ச்சல் இருந்தால் வரவே வராதீர்கள், போன் செய்து சொன்னால் போதும். கை கழுவிவிட்டு உள்ளே வாருங்கள், கட்டிலில் உட்காராமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு, குழந்தையின் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். முதலில் குழந்தையின் பெயரைக் கேளுங்கள், அப்புறம் அம்மாவின் பெயரையும் கேளுங்கள். அவரை அங்கே எல்லோரும் ‘பேஷண்ட் அம்மா’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.